தானே அணைந்து தானே எழும் கம்ப்யூட்டர்

பார்மேட் போடக் கொடுப்பதற்கு முன் வீட்டிலேயே கண்டுபிடிக்க வேண்டியவை

வீட்டுக் கம்ப்யூட்டர் பாதி வேலையில் படக்கென்று அணைந்து, தானாகவே மறுபடி ஆன் ஆகிறது. கொஞ்ச நாள் பொறுத்துப் பார்ப்பார்கள். பிறகு சிபியுவை ஸ்கூட்டரின் முன்பக்கம் வைத்துக் கடைக்குக் கொண்டு போவார்கள். சொல்ல வந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் கடையில் பதில் வந்துவிடும்: “ஓஎஸ் கரப்ட் ஆகியிருக்கும் சார், ஒரு பார்மேட் போட்டுடலாம்.”

சில நூறு ரூபாய் கூலி. சாயங்காலம் கம்ப்யூட்டர் வீடு திரும்பும்போது டெஸ்க்டாப்பில் இருந்த எதுவும் இருக்காது. கல்யாண போட்டோக்கள், பத்திரங்களின் ஸ்கேன், பிள்ளை பாதி முடித்து வைத்திருந்த ப்ராஜெக்ட், அப்பாவின் பென்ஷன் தாள்கள் எல்லாம் போயிருக்கும். “டேட்டா முக்கியம்னு நீங்க சொல்லலியே சார்” என்பார்கள். இத்தனையும் இழந்த பிறகு, அடுத்த வாரமே கம்ப்யூட்டர் மறுபடி அணைந்து எழும். கூரை ஒழுகும் வீட்டுக்கு வெள்ளையடித்துக் கொடுத்த கதை இது.

பார்மேட் தேவைப்படும் நேரங்கள் உண்டு. ஆனால் தானாக ரீஸ்டார்ட் ஆகும் கோளாறுக்கு அதை முதல் வேலையாகச் செய்வது இரண்டு விதத்தில் தவறு. கோளாறு மின்சாரத்திலோ சூட்டிலோ ரேமிலோ இருந்தால் பார்மேட் அதைத் தொடவே தொடாது. அதைவிடப் பெரிய நஷ்டம், கம்ப்யூட்டர் ஏன் விழுந்தது என்று விண்டோஸ் தன் கைப்பட எழுதி வைத்திருந்த குறிப்புகளும் அதோடு சேர்ந்து அழிந்துவிடுகின்றன. இந்தக் கோளாறில் மெக்கானிக்கைவிட வீட்டில் இருப்பவருக்குத்தான் அதிகம் தெரியும். எந்த நேரத்தில், எந்த வேலையின்போது அணைகிறது என்பதைப் பார்த்தவர் அவர்தான். அவர் சொல்வதை யாரும் கேட்பதில்லை, அவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பல வீடுகளில் நான் பார்த்தது இதைத்தான்.

விழுந்ததா, தள்ளிவிடப்பட்டதா?

முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது ஒன்றுதான். கம்ப்யூட்டரை நிறுத்தியது விண்டோஸா, அல்லது விண்டோஸுக்கே தெரியாமல் காலடியில் மின்சாரம் போய்விட்டதா?

நினைவகத்தில் இருக்கும் தகவல் தாறுமாறாகிவிட்டது, இனி ஓடினால் கோப்புகள் கெடும் என்று தெரிந்ததும் விண்டோஸ் தானாகவே நின்றுவிடும். நிற்பதற்கு முன், நினைவகத்தில் அந்த நொடி என்ன இருந்தது என்பதை வட்டில் எழுதி வைக்கும். சி டிரைவில் விண்டோஸ் போல்டருக்குள் ‘மினிடம்ப்’ என்ற பெயரில் ஒரு போல்டர் இருந்தால், அதில் கிடப்பவை அந்தக் குறிப்புகள்தான். நீலத் திரை என்று பல்லாண்டுகளாக நாம் பயந்தது இந்த நிறுத்தத்தைத்தான். 2025-இல் மைக்ரோசாஃப்ட் அதை விண்டோஸ் 11-இல் கறுப்புத் திரையாக மாற்றியது. நிறம் மாறினாலும் காரணத்தைச் சொல்லும் ஸ்டாப் கோடு அதில் இருக்கிறது.

நம்மில் பலர் அந்தத் திரையைச் சரியாகப் பார்த்ததே இல்லை. காரணம், விண்டோஸ் விழுந்தவுடன் தானே ரீஸ்டார்ட் ஆகிவிடும்படி அமைக்கப்பட்டே வருகிறது. கண் சிமிட்டும் நேரத்தில் திரை போய், கம்பெனி லோகோ வந்துவிடுகிறது. இதை நிறுத்தலாம். ஸ்டார்ட் தேடலில் ‘அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்’ என்று தேடுங்கள். அதில் ‘ஸ்டார்ட்டப் அண்ட் ரெக்கவரி’ பகுதியில் ‘ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்’ என்ற கட்டத்தில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். விண்டோஸுக்குள் போகவே முடியாமல் சுற்றிச் சுற்றி ரீஸ்டார்ட் ஆனால், பழுது பார்க்கும் திரையில் ‘ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ்’ வரை போய், 9-ஆம் எண்ணை அழுத்தினால் அந்த முறைக்கு மட்டும் தானியங்கி ரீஸ்டார்ட் நிற்கும்.

டிக்கை எடுத்த பிறகு மறுபடி விழும்போது திரை அப்படியே நின்றால், செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தத் திரையும் வராமல், சுவிட்சை அணைத்தது போல இருட்டாகி மறுபடி எழுந்தால், விண்டோஸின் மேல் பெரும்பாலும் குற்றமில்லை. மின்சாரம், சூடு, மதர்போர்டு இவற்றில் ஒன்றைத் தேட வேண்டும்.

இதை உறுதிசெய்ய இன்னொரு இடம் இருக்கிறது. ‘ஈவென்ட் வியூவர்’ என்ற நிரலில், ‘விண்டோஸ் லாக்ஸ்’ என்பதன் கீழ் ‘சிஸ்டம்’ பட்டியலில், கம்ப்யூட்டர் அணைந்த நேரத்துக்கு அருகே ‘கெர்னல் பவர்’ என்று 41-ஆம் எண்ணுள்ள ஒரு சிவப்புக் குறிப்பு கிடக்கும். பலர் இதை மட்டும் பார்த்துவிட்டு ‘பவர் கோளாறு’ என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அது சரியில்லை. முறையாக ஷட்டவுன் ஆகாமல் கம்ப்யூட்டர் எழுந்தால், காரணம் எதுவானாலும் 41 எழுதப்படும். அதன் ‘டீடெய்ல்ஸ்’ பக்கத்தைத் திறந்து ‘பக்செக் கோடு’ என்ற வரியைப் பாருங்கள். அங்கே பூஜ்யம் அல்லாத எண் இருந்தால் விண்டோஸ் தானே நின்றிருக்கிறது. பூஜ்யம் என்றால், எழுதக்கூட அவகாசம் இல்லாமல் போயிருக்கிறது.

இவ்வளவு உள்ளே போகத் தயங்குகிறவர்கள் ஸ்டார்ட் தேடலில் ‘ரிலையபிலிட்டி’ என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யுங்கள். தேதிவாரியாக ஒரு வரைபடம் வரும். எந்த நாளில் சிவப்புக் குறி விழ ஆரம்பித்தது, அதற்கு முதல் நாள் என்ன நிரல் ஏறியது என்பதை ஒரே பார்வையில் காட்டிவிடும். இவ்வளவு நல்ல கருவியை விண்டோஸ் ஏன் இப்படி மூலையில் ஒளித்து வைத்திருக்கிறது என்று எனக்கு வருத்தம் உண்டு.

“மோட்டார் போட்டா அணைஞ்சுருது”

மதுரையில் எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று. கணவர் வீட்டிலேயே கடைக்காரர்களுக்கு ஜிஎஸ்டி கணக்கு தாக்கல் செய்கிறவர். மாதா மாதம் 20-ஆம் தேதி கெடு என்பதால் அந்த வாரம் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால்தான் இருப்பார். அந்தக் கம்ப்யூட்டர்தான் அணைந்து எழுந்துகொண்டிருந்தது. பக்கத்துக் கடையில் பார்மேட் போட்டார்கள். பிறகு ரேம் மாற்றினார்கள். கடையில் இரண்டு நாள் ஓடவிட்டுப் பார்த்து, “நல்லா ஓடுது சார்” என்று திருப்பிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் பழையபடி அணைந்தது.

நான் போயிருந்தபோது, காபி கொண்டுவந்து வைத்த அவர் மனைவி சொன்னார்: “அண்ணே, மோட்டார் போட்டா இது படக்குனு அணைஞ்சுருது. நானும் சொல்லிக்கிட்டேதான் இருக்கேன், கேக்குறாகளா?”

போர்வெல் மோட்டாரைப் போடச் சொன்னோம். மாடிப்படிக்குக் கீழே உறுமல் கேட்டது, ட்யூப் லைட் ஒரு கணம் மங்கியது, யூபிஎஸ் ‘டக்’ என்று சத்தம் போட்டது, கம்ப்யூட்டர் போய்விட்டது. மேஜைக்கு அடியில் இருந்த யூபிஎஸ்ஸைக் கழற்றினால், உள்ளே இருந்த 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரியின் பக்கவாட்டுச் சுவர்கள் உப்பி, தட்டிலிருந்து வெளியே வர மறுத்தது. நெம்பித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

நடந்தது இதுதான். மோட்டார் கிளம்பும் கணத்தில் சாதாரணமாக ஓடுவதைப்போலப் பல மடங்கு கரண்டை இழுக்கிறது. வீட்டு லைனில் வோல்டேஜ் சரிகிறது. யூபிஎஸ் அதைக் கண்டு, ‘கரண்ட் போய்விட்டது, பேட்டரிக்கு மாறுவோம்’ என்று மாறுகிறது. பேட்டரியோ செத்துக் கிடக்கிறது. யூபிஎஸ் இல்லாமல் நேராகச் சுவரில் செருகியிருந்தால்கூட அந்தக் கம்ப்யூட்டர் தாக்குப்பிடித்திருக்கலாம். காப்பாற்ற வைத்த பெட்டியே கவிழ்த்துவிட்டது. புது பேட்டரி போட்டதோடு முடிந்தது. கடையில் ஏன் நன்றாக ஓடியது என்பதற்கும் பதில் இதுதான்: கடைக்காரரின் யூபிஎஸ் நன்றாக இருந்தது. நம் வீட்டு யூபிஎஸ்ஸைக் கடைக்கு யாரும் எடுத்துப்போவதில்லை.

யூபிஎஸ் பேட்டரியின் ஆயுள் நம் வெயிலுக்கு இரண்டு மூன்று ஆண்டுகள்தான். சோதிப்பது எளிது. வேலையை எல்லாம் சேமித்துவிட்டு, கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே யூபிஎஸ்ஸுக்குப் போகும் சுவர் சுவிட்சை அணையுங்கள். ஐந்து நிமிடமாவது தாங்க வேண்டும். உடனே செத்தால் திருடனைக் கண்டுபிடித்தாயிற்று.

இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் வேறொரு சிக்கல். பல இன்வெர்ட்டர்களில் பின்பக்கமோ முன்பக்கமோ ஒரு சிறிய சுவிட்ச் இருக்கும். ஒருபுறம் ‘யூபிஎஸ்’, மறுபுறம் ‘எக்கோ’ அல்லது ‘நார்மல்’. எலக்ட்ரீஷியன் மாட்டும்போது எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கமே இன்றுவரை இருக்கும். நார்மலில் இருந்தால் கரண்ட் போகும்போது பேட்டரிக்கு மாற எடுத்துக்கொள்ளும் நேரம் அதிகம். ஃபேனும் லைட்டும் அதைக் கண்டுகொள்ளாது, கம்ப்யூட்டர் பொறுக்காது. யூபிஎஸ் பக்கம் தள்ளினால் சட்டென்று மாறும். ஆனால் அந்த நிலையில் வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினாலே பேட்டரிக்குப் போய்விடும் என்பதால், சாயங்காலம் லோ வோல்டேஜ் அடிக்கும் தெருக்களில் பேட்டரி சீக்கிரம் தீரும். கம்ப்யூட்டரில் பிழைப்பு நடத்துகிறவர்கள் இதைப் பொறுத்துக்கொண்டு யூபிஎஸ் பக்கம் வைப்பதுதான் நல்லது.

சாம்பல் நிற ஒயர் சொல்வது

கம்ப்யூட்டர் ஏன் இவ்வளவு தொட்டாற்சிணுங்கியாக இருக்கிறது என்பதை எஸ்எம்பிஎஸ்ஸைப் பார்த்தால் புரியும். 230 வோல்ட்டில் வருவதை 12, 5, 3.3 வோல்ட்களாக மாற்றிக் கொடுக்கும் பெட்டி அது. இந்த மூன்றும் 5 சதவீதத்துக்கு மேல் கூடக் குறையப் போகக்கூடாது என்பது ஏடிஎக்ஸ் விதி. எல்லாம் சரியாக இருக்கிறது என்று மதர்போர்டுக்குச் சொல்ல ஒரு தனி ஒயர் உண்டு. பழைய எஸ்எம்பிஎஸ்களில் அது சாம்பல் நிறம். ‘பவர் குட்’ என்று அந்தச் சமிக்ஞைக்குப் பெயர். வோல்டேஜ் எல்லைக்குக் கீழே இறங்கியதும் அந்தச் சமிக்ஞை விழும், மதர்போர்டு அப்போதே ப்ராசஸரை ரீசெட் செய்யும். வோல்டேஜ் நிமிர்ந்ததும் சமிக்ஞை திரும்பி வரும், கம்ப்யூட்டர் முதலிலிருந்து தொடங்கும். அணைந்தே கிடக்காமல் ஏன் தானாக எழுகிறது என்று கேட்பவர்களுக்கு, பல நேரம் பதில் இந்த ஒயரில்தான் இருக்கிறது.

கரண்ட் தடைபட்டால் எஸ்எம்பிஎஸ் தன் கெபாசிட்டரில் சேர்த்து வைத்ததைக் கொண்டு கொஞ்ச நேரம் ஓட்டும். எவ்வளவு நேரம் என்றால், முழுச் சுமையில் சுமார் 16, 17 மில்லி நொடி தாங்க வேண்டும் என்பது கணக்கு. நம் மின்சாரத்தின் ஒரு சுழற்சியே 20 மில்லி நொடி. புதியதும் நல்லதுமான எஸ்எம்பிஎஸ்ஸுக்கே இதுதான் நிலை. கெபாசிட்டர் காய்ந்துபோன பழைய பெட்டிக்கு அதுவும் இருக்காது.

கெபாசிட்டர்கள் காய்வது சூட்டால். சூடு 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது மின்னணுத் தொழிலில் எல்லோரும் கைக்கொள்ளும் கணக்கு. சுமார் 1999 தொடங்கி 2007 வரை தயாரான மதர்போர்டுகளில் இது ஒரு கொள்ளைநோயாகவே இருந்தது. சில உற்பத்தியாளர்களின் கெபாசிட்டர்களில் உள்ளே இருந்த திரவம் கோளாறானது. மேல் மூடி உப்பி, வெடித்து, பழுப்பாக ஒழுகியது. பெரிய பெரிய கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களே மாற்றித் தரப்பட்டன. இன்றைக்கு நல்ல போர்டுகளில் திரவம் இல்லாத கெபாசிட்டர்கள் வந்துவிட்டன. ஆனாலும் பத்து வருடப் பழைய கம்ப்யூட்டரைத் திறந்தால், முதலில் ப்ராசஸரைச் சுற்றி நிற்கும் அந்தச் சிறு உருளைகளின் தலையைப் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தால் வேறு எதையும் தேட வேண்டாம்.

எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் எக்காரணம் கொண்டும் நீங்களே திறக்காதீர்கள். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்க முடியும். அதைச் சோதிக்கும் வழி, இன்னொரு நல்ல எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டிப் பார்ப்பதுதான்.

கேபினெட்டோடு சேர்த்து மலிவாகத் தரப்படும் எஸ்எம்பிஎஸ்களைப் பற்றி ஒரு வார்த்தை. மேலே பெரிய எழுத்தில் 450 வாட் என்று இருக்கும். அதை நம்பாமல், ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று படியுங்கள். 14 என்று இருந்தால், 12-ஐ 14-ஆல் பெருக்கி 168 வாட். இன்றைய கம்ப்யூட்டரில் ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் ஓடுவது இந்த 12 வோல்ட்டில்தான். மகன் கேம் விளையாடும்போது மட்டும் அணைகிறது, வேர்டு கோப்பில் மணிக்கணக்காக ஓடுகிறது என்றால், சுமை தாங்காத எஸ்எம்பிஎஸ்ஸையும் சூட்டையும் சேர்த்துச் சந்தேகப்படுங்கள்.

தூசியும் பேஸ்ட்டும்

சூட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ப்ராசஸர்கள் சுமார் 100 டிகிரியை நெருங்கும்போது முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். அணைந்தவுடன் ஆன் செய்தால் சில நிமிடத்தில் மறுபடி அணைவதும், அரை மணி ஆறவிட்டால் கொஞ்ச நேரம் கூடுதலாக ஓடுவதும் சூட்டின் அடையாளம். சிபியுவைச் சுவரோடு ஒட்டி, மேஜை அலமாரிக்குள் அடைத்து வைத்திருக்கும் வீடுகளில் இதை முதலில் பார்க்க வேண்டும்.

பக்கப் பலகையைக் கழற்றினால் ஹீட் சிங்க்கின் அலுமினிய இதழ்களுக்கு இடையே தூசி கம்பளம் போட்டிருக்கும். ப்ளோயரால் ஊதும்போது ஃபேனின் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கண்டபடி சுழன்று பேரிங் கெடும். ஹீட் சிங்க்கைப் பிடித்திருக்கும் நான்கு பிளாஸ்டிக் முளைகளில் ஒன்று கழன்றிருந்தாலே போதும், ப்ராசஸர் கொதிக்கும். பெட்டியை இடம் மாற்றியபின் கோளாறு தொடங்கியிருந்தால் இதைப் பாருங்கள். அடியில் தடவிய பேஸ்ட் காய்ந்து பொடியாக உதிர்ந்தால், பழையதைத் துடைத்துவிட்டு ஒரு துளி புதிதாக வைக்க வேண்டும். நிறைய வைத்தால் நிறையக் குளிரும் என்று எண்ணிக் குழைத்துப் பூசுவது வீண்.

பல்லி எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் புகுந்து செத்துக்கிடப்பதும் நம் வீடுகளில் நடப்பதுதான். பின்பக்கத்துக் கார்டு இடங்களின் தகடுகள் இல்லாமல் திறந்து கிடந்தால் அடைத்துவிடுங்கள்.

ரேமும் ரப்பரும்

“ரேமைக் கழட்டி ரப்பர் போட்டுத் தேய்ச்சு மாட்டுங்க.” ரிச்சி தெரு தொடங்கித் தேனி வரை எல்லா மெக்கானிக்குக்கும் தெரிந்த வித்தை இது. படித்தவர்கள் சிலர் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரிக்க எதுவும் இல்லை. தங்க முலாம் பூசிய அந்தக் கால்களில் அழுக்கும் ஈரமும் படிந்தால் தொடர்பு விட்டு விட்டு வரும், கடற்கரை ஊர்களில் இன்னும் சீக்கிரம். பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்தால் அது போகும். ரப்பர் துகள் ஸ்லாட்டுக்குள் விழாமல் தள்ளிவைத்துத் தேய்க்க வேண்டும், அவ்வளவுதான். ஐசோப்ரோபைல் ஆல்கஹால் கிடைத்தால் அது இன்னும் மேல், தங்க முலாம் தேயாது.

ஆனால் ரேம் உள்ளுக்குள் கெட்டிருந்தால் ரப்பர் உதவாது. அதன் அடையாளம் குழப்பம்தான். ஒருமுறை ஸ்டாப் கோடு ‘மெமரி மேனேஜ்மென்ட்’ என்று வரும், அடுத்த முறை ‘பேஜ் ஃபால்ட்’ என்று வரும், மூன்றாம் முறை சம்பந்தமே இல்லாத ஒரு டிரைவரின் பெயர் வரும். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு காரணம் சொன்னால் ரேமைச் சோதியுங்கள். விண்டோஸிலேயே ‘மெமரி டயக்னாஸ்டிக்’ இருக்கிறது. அதைவிடக் கறாரானது பென்டிரைவிலிருந்து ஓடும் ‘மெம்டெஸ்ட்’. இரவு படுக்கும்போது ஓடவிட்டால் காலையில் முடிவு தெரியும். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ரேம் ஆகாது. இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். ஸ்லாட்டையும் மாற்றிப் பாருங்கள், கெட்டது ஸ்லாட்டாகவும் இருக்கலாம்.

ரேம் பிழை எங்கோ அபூர்வமாக நடப்பது என்று நினைக்க வேண்டாம். கூகுள் தன் சர்வர்களை வைத்துச் செய்து 2009-இல் வெளிவந்த ஆய்வில், ஓராண்டில் 8 சதவீதத்துக்கு மேற்பட்ட ரேம் துண்டுகள் பிழை காட்டின. சர்வர்களில் பிழையைத் திருத்தும் ஏற்பாடு உண்டு, வீட்டுக் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் கிடையாது. மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் சுமார் 10 லட்சம் சாதாரணக் கம்ப்யூட்டர்களின் விபத்துக் குறிப்புகளைப் படித்து 2011-இல் எழுதிய கட்டுரை இன்னும் நேரடியாகச் சொல்கிறது. வன்பொருள் கோளாறால் ஒருமுறை விழுந்த கம்ப்யூட்டர், அதே காரணத்தால் மறுபடி விழும் வாய்ப்பு நூறு மடங்கு வரை அதிகரிக்கிறது. “ஒரு தடவைதானே, பார்க்கலாம்” என்று விட்டுவைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

குற்றம் மென்பொருளில் என்றால்

2003 ஆகஸ்ட்டில் உலகம் முழுக்க விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டர்கள் இன்டர்நெட்டில் இணைந்த சற்று நேரத்தில் 60 நொடி எண்ணிக் காட்டிவிட்டு ரீஸ்டார்ட் ஆயின. பிளாஸ்டர் என்ற புழு. அதற்கான தடுப்பு அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் ஜூலையிலேயே வெளியிட்டிருந்தது, போட்டுக்கொள்ளாதவர்கள் மாட்டினார்கள். 2024 ஜூலை 19-இல் நடந்தது நேர்மாறு. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பழுதான ஒரு கோப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் விழுந்தன, பல எழுந்து மறுபடி மறுபடி விழுந்தன. இந்தியாவில் விமானப் பயணிகளுக்குக் கையால் போர்டிங் பாஸ் எழுதித் தரப்பட்டது அன்றுதான். அதற்கு வைத்தியம் பார்மேட் அல்ல. சேஃப் மோடில் நுழைந்து ஒரே ஒரு கோப்பை அழித்தால் போதுமாக இருந்தது.

சேஃப் மோடின் அருமை அதுதான். அவசியமான டிரைவர்களை மட்டும் வைத்துக்கொண்டு விண்டோஸ் எழுகிறது. சாதாரணமாகப் பத்து நிமிடத்தில் விழும் கம்ப்யூட்டர், சேஃப் மோடில் மணிக்கணக்காக நின்றால் குற்றவாளி பெரும்பாலும் ஒரு டிரைவரோ அண்மையில் ஏற்றிய நிரலோதான். ரிலையபிலிட்டி வரைபடத்தில் முதல் சிவப்புக் குறிக்கு முன் ஏறியதை நீக்குங்கள். கிராபிக்ஸ் டிரைவர்தான் பெரும்பாலும் அகப்படும்.

இன்னும் தீர்மானமான சோதனை ஒன்று உண்டு. லினக்ஸை ஒரு பென்டிரைவில் ஏற்றி, வட்டில் எதையும் தொடாமல் அதிலிருந்தே கம்ப்யூட்டரை ஓடவிடுவது. விண்டோஸே இல்லாத நிலையிலும் ரீஸ்டார்ட் ஆனால், பார்மேட் போடுகிறேன் என்று சொல்பவரிடம் காட்ட இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

ப்ராசஸரே குற்றவாளியான சம்பவமும் அண்மையில் நடந்தது. இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்கள் சில, தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு வாங்கித் தம்மைத் தாமே கெடுத்துக்கொண்டன. 2024 ஆகஸ்ட்டில் பயோஸ் அப்டேட் வழியே திருத்தம் வந்தது, உத்தரவாதமும் இரண்டாண்டு நீட்டிக்கப்பட்டது. அந்தத் திருத்தம் இனி கெடாமல் காக்கும், கெட்டதைச் சரியாக்காது. அந்தத் தலைமுறை ப்ராசஸர் வைத்திருப்பவர்கள் பயோஸை அப்டேட் செய்திருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்வது அவசியம்.

ஒரு சின்ன விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும், பலரை அலைக்கழித்தது இது. கேபினெட் முகப்பில் உள்ள பவர் பட்டனோ ரீசெட் பட்டனோ உள்ளே சிக்கிக்கொண்டாலும் கம்ப்யூட்டர் இப்படித்தான் ஆடும். மதர்போர்டின் ஓரத்தில் ‘ரீசெட்’ என்று எழுதிய இரண்டு கம்பி இணைப்பை உருவி வைத்துவிட்டு ஒருநாள் ஓட்டிப் பாருங்கள். செலவு எதுவும் இல்லை.

எல்லாவற்றுக்கும் முன்

மேலே சொன்ன எந்தச் சோதனையைத் தொடங்குவதற்கும் முன்னால், கம்ப்யூட்டர் விழாமல் ஓடும் கொஞ்ச நேரத்துக்குள் முக்கியமானவற்றை வெளியே எடுத்துவிடுங்கள். வட்டில் எழுதும் நேரத்தில் அணைந்து அணைந்து எழும் கம்ப்யூட்டரில் கோப்புகள் கெடுவதற்கு வாய்ப்பு உண்டு. வட்டே காரணமாக இருந்தால், ஒவ்வொரு ரீஸ்டார்ட்டிலும் அது இன்னும் கொஞ்சம் சாகிறது. ‘டக் டக்’ என்று ஹார்டு டிஸ்க் தட்டினால் சோதனை எதுவும் வேண்டாம், உடனே அணைத்துவிடுங்கள். அணைந்து எழும் நேரத்தில் எடுக்க முடியாவிட்டால், வட்டைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் இணைத்து எடுக்கலாம். புது விண்டோஸ் 11 கம்ப்யூட்டர்களில் வட்டு தானாகவே பூட்டப்பட்டிருக்கலாம். அதன் பிட்லாக்கர் சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். கம்ப்யூட்டர் நன்றாக இருக்கும்போதே அந்த 48 இலக்கத்தை ஒரு தாளில் எழுதி பீரோவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு தினசரி காலண்டரின் தாளிலேயே எழுத ஆரம்பியுங்கள். அணைந்த நேரம், அப்போது கம்ப்யூட்டரில் என்ன வேலை, வீட்டில் என்ன ஓடியது, மோட்டாரா, மிக்ஸியா, ஏசியா, கரண்ட் கண் சிமிட்டியதா, திரையில் ஏதும் எழுத்து வந்ததா. வீட்டில் எல்லோரும் எழுதட்டும். நான்கைந்து வரி சேர்ந்தாலே ஒரு பக்கம் சாயத் தொடங்கும்.

கடைக்குப் போகத்தான் வேண்டும் என்றால் அந்தத் தாளையும், செல்போனில் எடுத்த ஸ்டாப் கோடு படத்தையும் கொண்டு போங்கள். நல்ல மெக்கானிக் அதைப் பார்த்ததும் நாற்காலி போட்டு உட்காரச் சொல்வார். நம் ஊர்களில் அப்படிப்பட்டவர்கள் நிறையவே இருக்கிறார்கள். உப்பிய கெபாசிட்டரைப் பத்து ரூபாய்ப் பொருளால் மாற்றி, தூக்கிப் போட இருந்த மதர்போர்டைப் பிழைக்கவைத்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்குத் தேவை சரியான தகவல். அதைக் கொடுக்காமல் “என்னன்னு பாருங்க” என்று பெட்டியை வைத்துவிட்டு வந்தால், நாலு வேலைக்கு நடுவே அவரும் பார்மேட்டைத்தான் போடுவார்.

யூபிஎஸ்ஸையும் சேர்த்தே எடுத்துப் போங்கள். “நான் சொல்லாமல் பார்மேட் போடக் கூடாது” என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். எந்தப் பாகத்தை மாற்றினாலும் பழையதைத் திருப்பிக் கேளுங்கள். ரேம் மாற்றியும் கோளாறு நிற்காவிட்டால், அந்தப் பழைய ரேம் பெரும்பாலும் நல்ல ரேம்தான், மறுபடி மாட்டிக்கொள்ளலாம்.